கொலுவுக்கு வந்த டாங்கி

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் வீட்டில் நாங்கள் குடிபுகுந்த அன்று வந்த முதல் விருந்தாளி, எங்கள் ஃபிரிட்ஜின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். வணக்கம் இல்லை, எந்த ஊர் என்ற விசாரிப்பு இல்லை. சாமான் இறக்குவதற்காகத் திறந்து வைத்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தார். அறுபது வயது தாண்டிய பெண்மணி, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. பையிலிருந்து ஒரு சின்ன ரசமட்டத்தை எடுத்து ஃபிரிட்ஜின் தலையில் வைத்துக் குனிந்து பார்த்தார். "இடது பக்கம் சாஞ்சிருக்கு" என்று தமிழில் சொன்னார். குறியைப் போட்டார். எதிர்வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் கணவர் துறைமுக அலுவலகத்தில் அதிகாரி. வேலையில் நாற்பது பேரை அதட்டுகிறவர். அன்று சாயங்காலம் அவர் ஒரு அட்டையை மடித்து ஃபிரிட்ஜின் காலுக்கடியில் செருகுவதற்காகத் தரையில் குப்புறப் படுத்திருந்தார். மறுநாள் காலை எதிர்வீட்டம்மா மறுபடி வந்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஈரத்துணி கேட்டு வாங்கிக் குறியைத் துடைத்தார். "இப்ப சரி" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நாங்கள் இருவரும் கைகட்டிப் பக்கத்தில் நின்றோம். சொல்லவில்லை. அவர் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. குறியை அழித்தால் தப்பித்தோம் என்று நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ராணுவத்துக்குப் பொருள் செய்யும் ஓர் ஆலையில் முப்பத்தோரு வருடம் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பீரங்கிக் குண்டின் மூக்கில் திருகுகிற பித்தளைப் பாகம் ஒன்று உண்டாம், பெரிய எலுமிச்சம்பழ அளவுக்கு. அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒழுங்காக இருந்தால் அவருடைய எண் பொறித்த முத்திரையைக் குத்துவார். இல்லாவிட்டால் சாக்பீஸால் பெருக்கல் குறி. ஓய்வு பெற்ற அன்று முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சாக்பீஸை யாரும் கேட்கவில்லை. ஆக, மிச்சமிருந்த ஆயுளுக்கு அவர் கையில் இருந்தது பெருக்கல் குறி மட்டும்தான்.

அதை அவர் கஞ்சத்தனம் பார்க்காமல் செலவழித்தார். எங்கள் மாடிப்படியில் காரை பெயர்ந்த இடம் எல்லாம் குறி. மினி பஸ்ஸின் ஏறுபடி ஆடுகிறதென்று அதில் ஒரு குறி. நான் பிழிந்த முறுக்கை ஒரு தட்டில் வைத்து மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டு திரும்பி வந்தது. சுற்று சரியில்லாத ஏழு முறுக்கு தனியாக ஓரத்தில் இருந்தது. சாப்பிடும் பொருளில் சாக்பீஸ் போடக்கூடாது என்ற நாகரிகம் அவருக்கு உண்டு. அதனால் தட்டில் போட்டிருந்தார்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது. தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொல்கத்தாவில்தான். தெருவுக்கே அவர் மாஷிமா, வங்காளத்துச் சித்தி. நான் நம் வழக்கப்படி "மாமி" என்றேன். "மாமா எங்கே?" என்று கேட்டார். அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். சரியென்று "அக்கா" என்றேன். "வயசு பொருந்தலை." "பெரியம்மா" என்று பார்த்தேன். "உங்க அம்மாவுக்கு நான் அக்காவா? டாக்குமென்ட் இருக்கா?" என்றார். கடைசியில் வாய் தவறி "மேடம்" என்றேன். ஆட்சேபம் வரவில்லை. கடைசிவரை மேடம்தான்.

பஜாரில் ஒரு காய்கறிக்காரர் அவரைக் கண்டாலே சாக்கை எடுத்துக் கத்தரிக்காயை மூடுவார். மேடம் சாக்கை விலக்கி, ஓட்டை விழுந்த காய்களையெல்லாம் பொறுக்கித் தனியே வைத்து, அந்தக் குவியலுக்கு முன்னால் தரையில் குறி போட்டுவிட்டுத் தனக்கு வேண்டிய நான்கு காயோடு நடையைக் கட்டுவார். முதலில் பெரிய சண்டை நடந்ததாம். பிறகு ஜனங்கள் அவர் பார்த்து முடித்த கூடையில் மட்டும் வாங்க ஆரம்பித்தார்கள். காய்கறிக்காரர் விடுவாரா? "மாஷிமா பாஸ் பண்ணிய கத்தரிக்காய்!" என்று வங்காளத்தில் கூவத் தொடங்கினார். மேடம் பாதி வழியில் திரும்பி வந்தார். "நான் எதையும் பாஸ் பண்ணலை. ரிஜெக்ட் மட்டும்தான் பண்ணினேன்" என்று சொல்லி அவருடைய தராசுத் தட்டிலேயே ஒரு குறி போட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த மனிதர் என்னிடம் கேட்டார். எனக்கும் அப்போது தெரியாது.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு மழைநாளில் கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தொழில்முறையாகப் பதில் சொன்னார்.

"எங்க செக்‌ஷன்ல ஒரு கேஜ் இருக்கும். அதோட ஒரு முனை பாகத்துக்குள்ள போகணும். மறுமுனை போகவே கூடாது. போச்சுன்னா ஓட்டை பெரிசு, லூஸ். புரியறதா? ஹவுராலேர்ந்து ஒருத்தர் பொண்ணு பார்க்க வந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமான்னு கேட்டேன். 'தாராளமா'ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்னேன். அதுக்கும் 'தாராளமா'ன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ரெண்டு முனையும் போயிடுச்சு."

இப்படிப்பட்டவர் வீட்டுக்குள் முதல்முறை போனபோது எதைப் பார்ப்பேன் என்று நான் எதிர்பார்த்தேனோ தெரியாது. சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு டாங்கி நின்றது. குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கி விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கிறதே, அதனால் கட்டியது. நாலடி நீளம். உடம்பெல்லாம் பாசி நிறம். இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை, நடுவில் கோபுரம், அதிலிருந்து நீண்ட குழல். மேசையில் இடமில்லாததால் மேடம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அறை ஓரத்தில் ஊறுகாய் ஜாடிகளில் கட்டைகள் அளவுவாரியாக இருந்தன. தெருவில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் வீடுகளில் கேட்டு வாங்கியவை பாதி, கடையில் வாங்கியவை பாதி. ஒவ்வொரு கட்டையையும் அளந்து பார்த்துத்தான் சேர்ப்பார். சேராதவை ஒரு வாளியில் கிடந்தன. வாளியில் பெருக்கல் குறி.

அது சாதாரண டாங்கியும் அல்ல. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, அதற்கு முந்தைய போரில் பெயர் வாங்கிய பெரியவர்கள் சிலர் கூடி, அந்தப் பழைய போரையே மனதில் வைத்துக்கொண்டு வடிவமைத்ததாம். பதுங்குகுழிகளை ஒரே எட்டில் தாண்டுவதற்காக அவ்வளவு நீளம். செய்து முடித்தபோது பதுங்குகுழி வெட்டிச் சண்டை போடுகிற வழக்கமே போயிருந்தது. பயங்கரக் கனம். மேடுபள்ளத்தில் ஓர் ஆள் வேகமாக நடந்தால் அதை முந்திவிடலாம். சோதனைக்காகச் செய்தார்கள், சோதனையோடு நிறுத்திவிட்டார்கள். ஒருநாள்கூடப் போருக்குப் போகவில்லை. ஆலை நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் மேடம் அதன் படத்தைப் பார்த்திருக்கிறார்.

"ரிஜெக்ட் ஆன டாங்கி" என்றார். மற்றவர்கள் பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்கிற குரலில் சொன்னார்.

அந்தப் பொம்மை டாங்கியை அவர் மூன்று முறை கட்டி மூன்று முறை கலைத்திருந்தார். ஒருமுறை சங்கிலிப் பட்டையில் ஒரு கண்ணி அதிகம். ஒருமுறை வலப்பக்கத்துப் பச்சை இடப்பக்கத்துப் பச்சையைவிட ஒரு பிடி வெளுப்பு. மூன்றாவது முறை எதற்கென்று கேட்டேன். "திருப்தியா இல்லை" என்றார். அப்போது நின்றது நாலாவது. அதுவும் இன்னும் தேறவில்லை.

எங்களுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தபோது சாமான் கட்ட வந்தவர்களை அவர் என்ன பாடு படுத்தினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டு அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றையும் குலுக்கிப் பார்த்தார். பதினொன்றுக்குக் குறி. அவற்றைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். மறுபடி ஐந்துக்குக் குறி. காலையில் கிளம்ப வேண்டிய லாரி விளக்கு வைத்த பிறகு கிளம்பியது. டிரைவர் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தார். எங்களுக்குப் போய்வருகிறோம் என்று சொல்லவே வாய்க்கவில்லை. மேடம் லாரியின் பின்கதவுக் கொக்கியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குறி அழியாமல் வந்து சேர்ந்த ஒரு பெட்டியை நான் சென்னையில் இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே தலையணை உறைகள்தான். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. இங்கே என் ஃபிரிட்ஜ் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கொலுதான்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து ஒரு தகரப்பெட்டிப் பொம்மையோடு ஹவுராவில் வந்து இறங்குவார். மகன் எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊரில் கொலு. அவருக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியில் ஏற வேண்டும். இரண்டு, ஏறிய பொம்மையை விஜயதசமி கழியாமல் எடுக்கக்கூடாது, நகர்த்தவும் கூடாது. அந்த வருடப் புதுப் பொம்மையாக நான் பொம்மை செய்கிறவர்கள் இருக்கும் குமார்துலிப் பக்கம் போய்க் களிமண் சரஸ்வதி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அமாவாசை சாயங்காலம் படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மேடம் வந்தார். சரஸ்வதியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். வீணைக்குக் கீழே தலைமுடி அளவு விரிசல்.

நான் கையைப் பிடிப்பதற்குள் முதுகில் குறி விழுந்துவிட்டது.

"ஏளா, மூளிப் பொம்மையைப் படியில வச்சா வீட்டுக்கு ஆகாதுலா" என்றார் என் மாமியார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார். "மதினி, இருந்த ஒண்ணையும் வேண்டாம்னுட்டிய. பொழுது சாஞ்சாச்சு. புதுப் பொம்மைக்கு நான் எங்க போவ? நீங்கதான் ஒண்ணு தரணும்."

மதினி என்ற முறைக்கு டாக்குமென்ட் கேட்க மேடம் வாயைத் திறந்தார். என் மாமியார் அதற்குள் வாசலைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் போய்விட்டார். நாங்கள் பின்னால் ஓடினோம். அவர் சாப்பாட்டு மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது என்னது, தேரா?"

"டாங்கி" என்றார் மேடம். "சண்டை டாங்கி."

"ஓடுமா?"

"நிஜமானது ஓடும். மெதுவா."

"திரும்புமா?"

"கஷ்டம். நீளம் ஜாஸ்தி."

"நடுவழியில நின்னுக்கிடுமோ?"

"சோதனையில அடிக்கடி நின்னுது."

"அப்ப தேருதான்" என்று என் மாமியார் முடிவு கட்டினார். "எங்க ஊர்த் தேருக்கும் இதே குணம்தான். நீங்க டாங்கின்னே வச்சுக்கிடுங்க."

மேடம் மறுத்தார். இது இன்னும் பாஸ் ஆகவில்லை, பாஸ் ஆகாத பொருள் கேட்டைத் தாண்டி வெளியே போகாது என்றார். கேட் எங்கே இருக்கிறது, எதிர்வீடுதானே என்றார் என் மாமியார். கால் மணி நேரம் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு மேடம் ஒரு சீட்டு எழுதினார். 'சோதனைக்கு மட்டும். பாஸ் அல்ல. திருப்பித் தரவும்.' அதை நூலால் டாங்கியின் குழலில் கட்டினார். நானும் என் கணவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ள, மேடம் ரசமட்டத்தை டாங்கியின் முதுகில் வைத்து அதைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். ஒரு வீட்டு மேசையிலிருந்து எதிர்வீட்டுப் படிவரை வந்து சேர நாற்பது நிமிடம். கீழ்ப்படியில் வைத்ததும் மேடம் கிளம்பிவிட்டார். "பாஸ் ஆகாத பொருள் பார்வைக்கு நிக்கிறதை நான் வந்து பார்க்க மாட்டேன்" என்றார்.

அவர் போன பிறகு மிச்சப் பொம்மைகள் ஏறின. மகிஷாசுரமர்த்தினி செட்டில் அசுரன் தனிப் பொம்மை. ஒரு முழங்கால் தரையில், பல்லைக் கடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, ஒரு கையை ஓங்கியபடி இருப்பான். அம்பாளுக்கு மேல்படியில் இடம் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. கீழ்ப்படியில் டாங்கியின் மூக்குக்கு முன்னால் ஒரு முழம் காலியாக இருந்தது. என் மாமியார் அவனை டாங்கிக்கு முதுகு காட்டியபடி அங்கே வைத்தார். வைத்தபோது அவர் நினைத்தது இடத்தை மட்டும்தான். நானும் அப்படித்தான்.

கீழ்வீட்டு தாதா (வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம்), தெருவின் துர்கா பூஜை கிளப் செயலாளர், பஞ்சமியன்று மனைவியோடு சுண்டல் சாப்பிட வந்தார். படியைப் பார்த்ததும் தொடையில் தட்டிக்கொண்டார். "அசுரனை டாங்கி ஏற்றிக் கொல்கிறீர்களா! இந்த வருடம் எந்தப் பந்தலிலும் இப்படி ஒரு தீம் இல்லை!" போட்டோ எடுத்தார். அன்றே அது எத்தனை போன்களுக்குப் போனதோ தெரியாது. சஷ்டியன்று முன்பின் தெரியாத நான்கு பேர் மணி அடித்து, "டாங்கி துர்கா இங்கேதானே?" என்று கேட்டார்கள். சப்தமியன்று மாடிப்படி நிறைய ஜனம். அந்த ஊரில் பூஜை நாட்களில் ஜனங்களுக்கு ஒரு வரிசையைக் கண்டால் போதும், எதற்கென்று கேட்காமல் பின்னால் நின்றுவிடுவார்கள். அஷ்டமியன்று வரிசை பஜார் முனைவரை போயிருந்தது. கிளப் ஆட்கள் பேட்ஜ் குத்திக்கொண்டு எங்கள் மாடிப்படியில் கயிறு கட்டினார்கள். வாசல் வழியாக உள்ளே, சமையலறை வழியாக வெளியே. "எகியே ஜான், எகியே ஜான்" என்று ஒருவர் என் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று கூட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தார். என் கணவர் குளித்துவிட்டு வெளியே வர முடியாமல் அரை மணி நேரம் குளியலறையில் இருந்தார். குழலில் தொங்கிய சீட்டை விலைச்சீட்டு என்று நினைத்து இரண்டு பேர் பேரம் கேட்டார்கள். என் மாமியார் குக்கரை நாலாம் முறை ஏற்றிவிட்டு, "நம்ம ஊர்ல ஒரு சனம் வராதுளா" என்று பூரித்துப்போனார்.

இத்தனை கூட்டமும் தன் டாங்கியைப் பார்க்கத்தான் வருகிறது என்று மேடத்துக்குக் கதவுக்குப் பின்னால் கேட்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவர் அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தார். எதிர்வீடுதான், நான்கு எட்டு. ஆனால் வரிசையில் நடுவே நுழைவது முறையல்ல என்று கீழே இறங்கி, பஜார் முனைக்குப் போய்க் கடைசியில் நின்று, ஒரு மணி நேரம் நகர்ந்து நகர்ந்து எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. நான் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை.

படிக்கு முன்னால் வந்தார். டாங்கியைப் பார்த்தார். பிறகு சங்கிலிப் பட்டைக்கு முன்னால் இருந்தவனைப் பார்த்தார்.

"எடுங்க" என்றார்.

"எதை மதினி?"

"அவனை. இல்லேன்னா இதை."

"வச்சாச்சுல்லா. விஜயதசமி வரைக்கும் ஒண்ணையும் தொடக்கூடாது."

"இது யாரையும் கொன்னதில்லை" என்றார் மேடம். குரல் உயரவில்லை. அதையே வங்காளத்திலும் சொன்னார். கூட்டம் சிரித்தது. கீழ்வீட்டு தாதா, "அசுரனைத்தானே மாஷிமா! அசுரன் சாகாமல் பூஜை ஏது?" என்றார்.

"அவனைக் கொல்றது அம்பாளோட வேலை. இதோட வேலை இல்லை. இது மேல அந்தப் பழி விழக்கூடாது."

பின்னால் நின்றவர்கள் நெட்டித் தள்ளினார்கள். பேட்ஜ் குத்தியவர் "எகியே ஜான், மாஷிமா" என்றார். மேடம் நகரவில்லை. என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேச ஆரம்பித்தார். அந்தக் கூட்டத்தில் அது புரிந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான்.

"முப்பத்தோரு வருஷம் பார்த்தேன் மதினி. எல்லாரும் என்னை ரிஜெக்ட் மேடம்னுதான் சொல்லுவாங்க. ஆனா நான் பாஸ் பண்ணினதுதான் ஜாஸ்தி. நல்லா இருந்தா பாஸ் பண்ணித்தானே ஆகணும்? நல்லா இருந்ததெல்லாம் நல்லாத்தான் வெடிச்சிருக்கும். எங்கே, யார் மேலே, எனக்குத் தெரியாது. என் நம்பர் அதுல இருந்தது. நான் குறி போட்டுத் தள்ளினது மட்டும்தான் யாரையும் ஒண்ணும் பண்ணலை. அதனாலதான் இதைக் கட்டினேன். டாங்கியாப் பொறந்தும் ஒருத்தரையும் தொடாம நின்னுபோச்சு இது. இதையும் இப்படி ஆக்கிடாதீங்க."

இத்தனை நாள் அவருடைய குறிகளைச் சொல்லிச் சொல்லி அக்கம்பக்கத்தில் சிரித்தவள் நான். எடுத்துவிடுங்கள் அத்தை என்று சொல்லப்போனேன். என் மாமியார் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவருக்கும் முகம் வாடியிருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான். படியை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு கலசத்துக்குச் சுற்றி மிச்சமிருந்த மஞ்சள் நூல்கண்டை எடுத்தார். ஒரு முழம் பிய்த்தார். முழங்காலில் கைவைத்துக் கீழே உட்கார்ந்து, ஒரு முனையை டாங்கியின் மூக்கில் நீட்டிக்கொண்டிருந்த கொக்கியில் கட்டினார். மறுமுனையை அசுரனின் ஓங்கிய கையில் சுற்றினார். ஒரு பொம்மையையும் இம்மி நகர்த்தவில்லை.

"நின்ன தேரை இழுக்க ஆளு வேண்டாமா? இவனைவிடத் தண்டியா இங்க வேற யாரு இருக்கா?" என்றார். "பாருங்க மதினி. இழுக்கான். அது வரமாட்டேங்கு."

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. கடித்த பல்லும் முன்னால் சாய்ந்த உடம்பும் ஊன்றிய முழங்காலுமாக, நகர மறுக்கும் ஒரு டாங்கியைத் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தான் மகிஷாசுரன். கீழ்வீட்டு தாதா ஒரு நொடி யோசித்துவிட்டு, "அசுரனுக்குத் தண்டனை! டாங்கி இழுக்கிறான்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். மாடிப்படி முழுக்க ஆரவாரம். முன்பைவிட அதிகமாகப் போட்டோ எடுத்தார்கள்.

மேடம் குனிந்து நூலைச் சுண்டிப் பார்த்தார். "இந்த முடிச்சு லூஸ்" என்றார். என் மாமியார் அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். மேடம் மறுபடி சுண்டினார். சாக்பீஸ் வெளியே வரவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மத்ததுக்கெல்லாம்?"

"எதுக்கு மதினி?"

"நான் முத்திரை குத்தி அனுப்பினதுக்கு. அதுக்கெல்லாம் நான் எங்கே போய்க் கயிறு கட்டுவேன்?"

மருத்துவர்களுக்கே பதில் சொல்லி அனுப்பியவர் என் மாமியார். அன்று மேடத்தின் தோளைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்தார். சுண்டல் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கொலுவுக்கு வருகிறவர்களிடம் நாம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"ஒரு பாட்டுப் படிங்க."

"எனக்குப் பாட வராது."

"யாருக்கு வருது? கொலுவுக்கு வந்துட்டுப் பாடாமப் போகக்கூடாது."

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருடைய அம்மா பாடிய தாலாட்டாம், பாதி தமிழ், பாதி வங்காளம். சுருதி என்ற ஒன்று அதில் இல்லை. இரண்டாவது அடியில் குரல் பிசகியது. "இல்லை, தப்பு" என்று நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் பிசகியது. மறுபடியும் நிறுத்தினார். வரிசை நின்றுவிட்டது. பேட்ஜ் குத்தியவர் யாரையும் நகரச் சொல்லவில்லை. மூன்றாம் முறை அதே இடம் வந்தது, அதே பிசகு. அது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தது முகத்திலேயே இருந்தது. அவர் நிறுத்தாமல் மேலே பாடிக்கொண்டு போனார்.